கொடைக்கானலில் அம்மா அப்பாவுடன் மத்தியதரைக்கடல் சாப்பாடு: அனுபவமும் சில கேள்விகளும்

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 9:12

மதுரையிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் அப்பா, அம்மா, மனைவி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், நான் என்று ஐந்து பேரும் மூன்று நாள் கொடைக்கானல் போய் வந்தோம். ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை எல்லாம் எல்லோரும் எழுதுவதுதான். நான் எழுத வந்தது ஒரு ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி.

எங்கள் வீட்டில் வெளியூர் போனால் ஒரே வழக்கம். போய் இறங்கியதும் சைவச் சாப்பாட்டுக் கடை எங்கே என்று விசாரிப்பேன். அம்மா சைவம். அப்பா எல்லாம் சாப்பிடுவார், ஆனால் ராத்திரி இட்லிதான். அதனால் மூன்று நாளும் மூன்று வேளையும் ஒரே கடை. இந்த முறை மகள் பிடிவாதம் பிடித்தாள். வட்டக்கானல் போகும் வழியில் ஒரு மெடிட்டரேனியன் ரெஸ்டாரன்ட் இருக்கிறது, சனிக்கிழமை பாட்டெல்லாம் உண்டு, ஒரு வேளையாவது அங்கே போகலாம் என்றாள். "பாட்டிக்கு அதெல்லாம் பிடிக்காதும்மா" என்று நான் சொன்னேன். அம்மா பக்கத்தில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஏழரை மணிக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் சத்தம். நீளமான மர மேஜைகள், யார் யாரோ பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மூலையில் கிடார் வாசிக்கிறார்கள். பெங்களூரிலிருந்து வந்த கல்லூரிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஒரு பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். பின்னால் பெரிய விறகடுப்பு, அதிலிருந்து ரொட்டி உப்பி உப்பி வெளியே வருகிறது. மகளுக்குக் கண்ணெல்லாம் வெளிச்சம். அப்பா மஃப்ளரைக் காதோடு இழுத்துக் கட்டிக்கொண்டார். அம்மா மெனு அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டார். "நீங்கள்லாம் சாப்பிடுங்கப்பா. நான் ரூம்ல போய் ஒரு பன்னும் பாலும் சாப்பிட்டுக்கறேன்" என்றார். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

அப்போதுதான் பரிமாறும் பையன் வந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும், வில்பட்டிக்காரனாம். என்னிடமோ மகளிடமோ ஆர்டர் கேட்கவில்லை. அம்மா நாற்காலி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அம்மா, காரம் சாப்பிடுவீங்களா, புளிப்பு பிடிக்குமா?" என்று கேட்டான். அம்மா புளிப்பு என்றார். "கத்தரிக்காயை நெருப்புல சுட்டு, தோலை உரிச்சு மசிச்சு, எலுமிச்சை பிழிஞ்சு தருவோம். உங்க வீட்ல சுட்ட கத்தரிக்காய் செய்வீங்கல்ல, அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி" என்றான். அம்மா சிரித்துவிட்டார். அப்புறம் அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார். எண்ணெய் என்ன எண்ணெய், எள்ளு வறுத்ததா பச்சையா, ரொட்டியில் முட்டை உண்டா, கோழி பொரிக்கும் எண்ணெயிலேயே வடையும் பொரிப்பீர்களா. அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். தெரியாததை உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னான்.

அன்றைக்கு அம்மா சாப்பிட்டது: பாபா கனூஷ் என்கிற அந்தக் கத்தரிக்காய், கொண்டைக்கடலையை எள் விழுதோடு அரைத்த ஹம்மூஸ், ஊறிய கடலையை அரைத்துப் பொரித்த ஃபலாஃபல் மூன்று, பிட்டா என்கிற தட்டை ரொட்டி ஒன்றரை. கடைசியில் ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். பக்கத்து மேஜைப் பெண்கள் கேக்கை நீட்டினார்கள். முட்டை என்பதால் அம்மா வாங்கவில்லை. ஆனால் எங்கள் தட்டிலிருந்து ஃபலாஃபலை எடுத்து அந்தப் பெண்ணின் வாயருகே நீட்டி "பிறந்தநாளா கண்ணு, நல்லா இரு" என்றார். கிடார்க்காரர் பாடி முடித்தபோது கையும் தட்டினார்.

திரும்பி வரும்போது காரில் அம்மா சொன்னது இன்னும் என்னை விடவில்லை. "எனக்குப் பிடிக்காதுன்னு நீயாதான் சொல்லிக்கிட்டிருக்க. என்னை எங்க கேட்ட?" இருபது வருடமாக அம்மாவை நான் கேட்டதே இல்லை. அவருடைய நாக்குக்கு நானே வேலி போட்டு வைத்திருந்தேன்.

என் கேள்விகள். வயதானவர்களை இப்படிப்பட்ட இடத்துக்கு அழைத்துப் போகும்போது வேறு என்ன கவனிக்க வேண்டும்? அம்மா ஹம்மூஸை வீட்டில் செய்ய ஆசைப்படுகிறார், எப்படிச் செய்வது? நீலகிரிப் பக்கமும் இப்படிக் கிடைக்குமா?

சுங்குடி | ஞாயிறு, இரவு 9:50

படிக்கப் படிக்க என் மாமியார் ஞாபகம் வந்துவிட்டது. அவர் வெங்காயம் பூண்டு சேர்க்க மாட்டார். அவரைப் போன்றவர்களுக்கு ஹம்மூஸ் ஆகாது, பச்சைப் பூண்டு உண்டு. முன்கூட்டிச் சொன்னால் பூண்டு இல்லாமல் ஒரு கிண்ணம் தனியாகக் கலந்து தருவார்களா என்று கேட்கலாம். அதே எண்ணெய்க் கேள்வியை உங்கள் அம்மா கேட்டது ரொம்பச் சரி. பல இடங்களில் ஒரே வாணலிதான். கேட்டால்தான் சொல்வார்கள்.

இன்னொன்று, சத்தம். மாமியார் காதில் மெஷின் வைத்திருக்கிறார். பாட்டும் பேச்சும் தட்டுச் சத்தமும் சேர்ந்தால் அவருக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும், தலைவலி வந்துவிடும். சுவர் ஓரமாக, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் கொஞ்சம் தேவலை. பாட்டு எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?

அமீரகத்தமிழன் | ஞாயிறு, இரவு 10:31

அண்ணா, மனதைத் தொட்டது. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து உண்டு.

நான் ஷார்ஜாவில் 14 வருடம் இருந்தேன். அறையில் என்னோடு ஒரு சிரியாக்காரரும் ஒரு பாலஸ்தீனரும் தங்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாடு எங்களுக்குப் பண்டிகை. ஹம்மூஸ், பாக்லா என்கிற பெரிய அவரைக் கொட்டையில் செய்யும் ஃபூல், ஊறுகாய் போட்ட முள்ளங்கி, பச்சை வெங்காயம், சூடான ரொட்டி. தரையில் செய்தித்தாள் விரித்து எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடுவோம். அரபியில் ஹம்மூஸ் என்றாலே கொண்டைக்கடலைதான். அவர்களுக்கு அது தொட்டுக்கொள்ளும் பண்டம் இல்லை, அதுவே சாப்பாடு. கிண்ணத்தில் பரப்பி, நடுவில் குழி செய்து, அந்தக் குழி நிறைய ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள். ரொட்டியைக் கிழித்து ஓரத்திலிருந்து வழித்து எடுக்க வேண்டும். ஸ்பூன் கிடையாது.

இங்கே வந்து பார்த்தால் எல்லோரும் "கடலைத் துவையல்", "அரபு மசால்வடை" என்கிறார்கள். அந்தப் பையன் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறான், குறை சொல்லவில்லை. ஆனால் நம் வீட்டுப் பேரையே வைத்து அழைத்துக்கொண்டிருந்தால், அது எந்த மண்ணில், யார் கையில் பிறந்தது என்பது மறந்துபோகும். நம் இட்லியை யாராவது அரிசிக் கேக் என்றால் நமக்குச் சுருக்கென்கிறதா இல்லையா? அந்தப் பாலஸ்தீனர் தன் பாட்டி ஆலிவ் எண்ணெயை ஒரு வருடத்துக்கு ஜாடியில் நிரப்பி வைப்பதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு சொந்த வீடு இருக்கிறது.

அடுப்படிஆள் | திங்கள், காலை 6:20

வணக்கம். நான் கொடைக்கானலில் ஒரு சமையலறையில் வேலை பார்க்கிறேன். நீங்கள் போன கடை இல்லை, வேறு கடை. பதினோரு வருடமாக ஹம்மூஸ் அரைக்கிறேன், அதனால் செய்முறையை நானே சொல்கிறேன்.

முதலில் மலையைப் பற்றி ஒரு விஷயம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் கொண்டைக்கடலை வைத்தால் மதியம் வரைக்கும் வேகும், அப்போதும் நடுவில் கெட்டியாக நிற்கும். குக்கர் இல்லாமல் எங்களுக்கு ஒன்றும் நடக்காது. மதுரையில் எத்தனை விசில் வைப்பீர்களோ அதற்கு மேல் இங்கே இரண்டு மூன்று கூட வைக்க வேண்டும். புதிதாக வரும் சமையல்காரர்கள் எல்லோரும் முதல் வாரம் இதில்தான் தடுக்கி விழுவார்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். வெள்ளைக் கொண்டைக்கடலை கால் கிலோ. ராத்திரி நிறையத் தண்ணீரில், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டு ஊற வையுங்கள். சோடா தோலை இளக்கும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிட்டு வேகவிடுங்கள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் வெண்ணெய் மாதிரி நசுங்க வேண்டும். சுண்டலுக்கு வேகிற பதம் போதாது. குழைய விடலாமா என்று பயப்படாதீர்கள், குழையத்தான் வேண்டும்.

அடுத்தது தஹினி, அதாவது எள் விழுது. தோல் நீக்கிய வெள்ளை எள்ளை வாசம் வரும் வரை மட்டும் வறுங்கள். நிறம் மாறினால் கசப்பு. ஆறியதும் மிக்ஸியில் பொறுமையாக அரையுங்கள். முதலில் பொடி, அப்புறம் கட்டி, அப்புறம்தான் எண்ணெய் விட்டு ஓடும். எலுமிச்சைச் சாறு விட்டதும் திடீரென்று இறுகிக்கொள்ளும். கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐஸ் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடித்தால் வெளுத்து, இளகி, மெத்தென்று வரும்.

பூண்டை நேரடியாகப் போடாதீர்கள். எலுமிச்சைச் சாற்றோடு சேர்த்து அரைத்துப் பத்து நிமிடம் விட்டு, வடிகட்டி அந்தச் சாற்றை மட்டும் சேர்த்தால் காட்டம் அடங்கும். எங்கள் ஊர் மலைப்பூண்டு என்றால் பாதி அளவே போதும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது, நாட்டுப்பூண்டு மாதிரி அள்ளிப் போட்டால் வேறொன்றும் தெரியாது.

ஃபலாஃபலுக்குக் கடலையை வேகவைக்கவே கூடாது. ஊறியதை அப்படியே ஒன்றிரண்டாக அரைக்க வேண்டும். வேகவைத்தால் எண்ணெயில் கரைந்து போகும். மசால்வடை தட்டிய கைக்கு இந்தப் பதத்தைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

அமீரகத்தமிழன் அண்ணன் சொன்னது எனக்குப் புரிகிறது. ஆனால் நாங்கள் மேஜை முன்னால் நிற்கிறவர்கள். ஒரு அம்மா பசியோடு உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பண்டம் பிறந்த கதையை எப்படிச் சொல்வது? முதல் வாய் உள்ளே போகட்டும். அப்புறம் அது எந்த ஊர் என்று அவர்களே கேட்பார்கள். கேட்காமல் போனவர்களை நான் பார்த்ததே குறைவு.

கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 8:05

பில் எவ்வளவு ஆனது? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

வைகைக்கரை | திங்கள், காலை 8:44

ஐந்து பேருக்கு 3,150 ரூபாய். எங்கள் வழக்கமான கடையில் ஆகிற செலவுக்கு மூன்று மடங்குக்கு மேல். ஆனால் ஆளுக்கு ஒரு தட்டு சொல்லவில்லை. மெஸ்ஸே என்று சின்னச் சின்னக் கிண்ணங்களாக ஆறு வகை வரும், அதில் இரண்டு செட் சொல்லி நடுவில் வைத்துக்கொண்டோம். பையனே "முதல்ல இது போதும்ணே, தீர்ந்தா சொல்லுங்க" என்றான். மீந்தது எதுவும் இல்லை. அப்பாவுக்காக மட்டும் தனியாக ஒரு ஷக்ஷூகா. தக்காளித் தொக்கு கொதிக்கக் கொதிக்க அதில் முட்டையை உடைத்து ஊற்றி, இரும்புச் சட்டியோடு கொண்டு வந்து வைப்பார்கள். இட்லி வேண்டுமென்று அப்பா கேட்கவில்லை.

சுங்குடி, கிடார் நாங்கள் போகும்போதே வாசித்துக்கொண்டிருந்தார்கள், பாட்டு எட்டு மணிக்கு ஆரம்பித்தது. நீங்கள் சொன்ன ஸ்பீக்கர் யோசனை எனக்கு முன்னால் தெரிந்திருந்தால் அப்பா மஃப்ளரை இறுக்கியிருக்க மாட்டார்.

அடுப்படிஆள் தம்பி, அம்மாவிடம் உங்கள் பதிவை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "எள்ளு இறுகும்னு சொன்னாரு பாரு, அதைக் குறிச்சுக்க" என்றார்.

பூம்பாறையான் | திங்கள், மதியம் 1:17

உள்ளூர்க்காரனாக நானும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் மலைக்கு இந்தச் சாப்பாடு எப்படி வந்தது என்று பலருக்குத் தெரியாது. பெங்களூர் கஃபேக்காரர்கள் கொண்டு வந்தது என்று நினைக்கிறார்கள். வட்டக்கானலுக்குப் பல வருடமாக இஸ்ரேல் நாட்டு இளைஞர்கள் வந்து தங்குகிறார்கள். இஸ்ரேலில் பெரும்பாலோர் கட்டாய ராணுவச் சேவை செய்ய வேண்டும். அதை முடித்துவிட்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றக் கிளம்புவார்கள். வட்டக்கானலுக்கு லிட்டில் இஸ்ரேல் என்றே பேர் வந்துவிட்டது. எபிரேய எழுத்தில் பலகை வைத்த பெட்டிக்கடைகளை நானே பார்த்திருக்கிறேன். ஆம்லேட், மேகி போட்டுக்கொண்டிருந்த எங்கள் ஊர் அக்காக்கள், வந்தவர்கள் கேட்கக் கேட்கக் கற்றுக்கொண்டு ஷக்ஷூகாவும் ஹம்மூஸும் செய்ய ஆரம்பித்தார்கள். மிக்ஸி இல்லாத வீட்டில் அம்மிக்கல்லில் அரைத்த ஹம்மூஸை நான் சாப்பிட்டிருக்கிறேன். எந்தப் பெரிய கடையிலும் அந்த ருசி எனக்குக் கிடைத்ததில்லை.

அதனால்தான் அமீரகத்தமிழன் சொன்ன "சொந்த வீடு" என்ற வார்த்தை எனக்குப் பிடித்தது. அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பண்டத்துக்கு இங்கேயும் ஒரு வீடு உண்டு, எங்கள் அக்காக்களின் அடுப்படி.

இப்போது ஒரு வேண்டுகோள். வட்டக்கானலைச் சுற்றி இருப்பது சோலைக்காடு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஸ்பீக்கர் அலறினால் எங்களுக்கும் தூக்கம் இல்லை, காட்டுக்கும் இல்லை. பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. மைக் இல்லாமல் கிடார் வாசித்தால் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்குமே, அது போதாதா?

திரும்பும்போதும் கவனம். இருட்டிய பிறகு ரோட்டில் காட்டுமாடு நிற்கும். மூடுபனியில் பத்தடி கிட்டே போகும் வரை தெரியாது. ஹாரன் அடிக்காதீர்கள், லைட்டைத் தாழ்த்திவிட்டு நின்றுவிடுங்கள், அது தானாகப் போகும். பெரியவர்களோடு போகிறவர்கள் ஆறு மணிக்கே சாப்பிட உட்கார்ந்து எட்டு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுவது நல்லது.

புதிதாக வருகிறவர்களுக்கு: இ-பாஸ் எடுத்துவிட்டு வாருங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் எங்களுக்கும் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி அது கட்டாயம். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கொண்டு வரக்கூடாது. கடையில் ஜக்கில் வெந்நீர் கேளுங்கள், தருவார்கள்.

குன்னூர்க்காரி | திங்கள், மாலை 4:02

நீலகிரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊட்டி, குன்னூர் இரண்டிலும் இந்த வகைச் சாப்பாடு போடும் கஃபேக்கள் இருக்கின்றன. ஆனால் எந்தக் கடை என்று நான் சொல்லப் போவதில்லை. சமையல்காரர் மாறினால் கடையே மாறிவிடுகிறது, போன வருடம் நான் புகழ்ந்த இடத்தில் இந்த வருடம் ரொட்டி பாக்கெட்டிலிருந்து வந்தது. ரொட்டி அங்கேயே சுடுகிறார்களா என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்றால் உட்காருங்கள்.

எனக்குச் சொல்ல வேண்டியது காய்கறி பற்றி. அந்தக் கடலோரச் சமையலுக்கு வேண்டியதில் பாதி எங்கள் தோட்டங்களிலேயே விளைகிறது. சுக்கினி, லெட்டூஸ், செலரி, பார்ஸ்லி, ரோஸ்மேரி, தைம். எங்கள் வீட்டுப் பின்புறம் ரோஸ்மேரி புதராக மண்டிக் கிடக்கிறது. என் அப்பா இதையெல்லாம் இங்கிலீஷ் காய் என்பார். வளர்ப்பார், மூட்டை கட்டி அனுப்புவார், ஒரு நாளும் எங்கள் அடுப்பில் ஏறியதில்லை. எங்களுக்கு அவரைக் கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்புதான்.

போன வருடம் அப்பாவைக் கடைக்கு அழைத்துப்போய் டபூலே வாங்கிக் கொடுத்தேன். அது முக்கால்வாசி பார்ஸ்லி. பொடியாக நறுக்கி, தக்காளி, புதினா, எலுமிச்சை, கொஞ்சம் புல்கர் சேர்த்தது. புல்கர் என்பது கோதுமையை வேகவைத்துக் காயவைத்து உடைத்தது, நம் புழுங்கலரிசிக்குச் செய்கிற மாதிரி. அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நாப்பது வருஷம் இதை வித்தேன். இதுக்குத்தானா வாங்கிட்டுப் போனாங்க" என்றார். விளைவித்தவரே அறுபத்தெட்டாவது வயதில்தான் ருசி பார்க்கிறார். வைகைக்கரை எழுதியதைப் படித்ததும் அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. நானும் அவரைக் கேட்டதில்லை.

பயணப்பை | திங்கள், மாலை 6:38

எனக்கு ஒரு பயம். ஷவர்மா சாப்பிட்டு உயிரிழந்த செய்தியெல்லாம் படித்த பிறகு இந்தக் கடைகளுக்குள் குழந்தைகளோடு போகவே தயக்கமாக இருக்கிறது. வெள்ளை சாஸ் எல்லாவற்றிலும் ஊற்றுகிறார்களே, அது மயோனைஸ்தானே? மலையில் குளிர் என்பதால் கெடாது என்கிறார்கள், சரியா?

அடுப்படிஆள் | திங்கள், இரவு 11:15

இப்போதுதான் அடுப்பை அணைத்தேன். பயப்படுவதில் தப்பில்லை.

குளிர் ஊர் என்பதால் கெடாது என்பது தவறு. அடுப்படிக்குள் மேமாதம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருடத்துக்குத் தமிழக அரசு தடை செய்தது. எங்கள் கடையில் அதற்கு முன்பே நிறுத்திவிட்டோம்.

லெபனான் பக்கம் கோழிக்குத் தொட்டுக்கொள்ளும் வெள்ளை சாஸ் தூம். பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு, இவ்வளவுதான். பூண்டை அரைத்துக்கொண்டே எண்ணெயை நூலாக விட்டால் முட்டை இல்லாமலேயே வெள்ளையாகத் திரண்டு வரும். அவசரப்பட்டால் திரிந்துவிடும் என்பதால் பல இடங்களில் சோம்பல்பட்டு மயோனைஸைக் கலந்துவிடுகிறார்கள். "தூமில் முட்டை உண்டா" என்று கேளுங்கள். ஒரு விநாடி தயங்கினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கறி கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தால், வெட்டிய துண்டை மறுபடி கல்லில் போட்டுச் சுட்டுத் தருகிறார்களா என்றும் பாருங்கள். ராத்திரி கடைசியாகப் போய் வாங்காதீர்கள்.

சீஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபெட்டா என்றால் கிரீஸ் நாட்டில் செம்மறிப் பாலில் செய்வது, சில சமயம் வெள்ளாட்டுப் பாலும் கலப்பார்கள். 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பேரைக் கிரீஸுக்கே உரியதாக்கியது. இங்கே நாங்கள் சாலட்டில் போடுவது பசும்பால் சீஸை உப்புநீரில் போட்டு வைத்தது. மெனுவில் ஃபெட்டா என்று எழுதக்கூடாது என்று முதலாளியிடம் சண்டை போட்டு மாற்ற வைத்தேன். அமீரகத்தமிழன் அண்ணனுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பழையதடம் | செவ்வாய், காலை 7:30

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். இந்த உணவு நமக்கு முற்றிலும் புதிது என்று நினைக்க வேண்டாம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய ஆம்போரா ஜாடிகளில் திராட்சை மது மட்டும் வரவில்லை, ஆலிவ் எண்ணெயும் மீனைப் புளிக்கவைத்துச் செய்த 'காரும்' (garum) என்னும் சாறும் வந்திருக்கின்றன. கோயம்புத்தூர் பக்கம் வெள்ளலூரிலும் கரூரிலும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. நம் மிளகு அந்தக் கடலோரத்துக்குப் போனது. அந்த ஜாடிகளைத் திறந்தது அங்கிருந்து வந்து தங்கியவர்கள் மட்டுமா, பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு சொட்டு நக்கிப் பார்த்திருப்பாரா? மாணவர்களிடம் நான் கேட்டுவந்த கேள்வி இது. நக்கிப் பார்த்திருப்பார் என்றுதான் என் மனம் சொல்கிறது.

சுங்குடி | செவ்வாய், காலை 10:12

அமீரகத்தமிழன் அண்ணா, உங்கள் வருத்தம் நியாயம். ஆனாலும் நான் அந்தப் பையன் பக்கம். அவன் கத்தரிக்காயைச் சுட்ட கத்தரிக்காய் என்று பேர் மாற்றவில்லையே. ஒண்ணுவிட்ட தம்பி என்றான். வேறு வீட்டுப் பிள்ளை, ஆனால் உறவு. அதைவிட மரியாதையாக எப்படிச் சொல்ல முடியும்?

அமீரகத்தமிழன் | செவ்வாய், மதியம் 2:40

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்த வரியை மறுபடி போய்ப் படித்தேன். சரிதான். நான் "துவையல்" என்று எழுதி விற்கிறவர்கள் மேல் இருந்த கோபத்தை அந்தப் பையன் மேல் இறக்கிவிட்டேன். அவன் சொன்னது வேறு.

என்னுடைய சிரிய நண்பர் முதன்முதலாக எங்கள் அறையில் இட்லி சாப்பிட்டபோது நான் என்ன செய்தேன் என்றும் யோசித்தேன். "இதை ஹம்மூஸ் மாதிரி வழித்துச் சாப்பிடு" என்று சட்னியைக் காட்டினேன். நானே அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள் வைத்துவிடுகிறேன். அம்மாவிடம் பேரையும் சொல்லுங்கள் அண்ணா. பாபா கனூஷ். இரண்டு தடவை சொன்னால் வாயில் நிற்கும். கிடைத்தால் சுமாக் பொடி வாங்கிக் கொடுங்கள். சிவப்பாக, புளிப்பாக இருக்கும், ஒரு வகைச் சிறு பழத்தைக் காயவைத்துப் பொடித்தது. புளிப்பு பிடிக்கும் என்றாரே, வெங்காயத்தில் தூவிக் கொடுத்தால் விடமாட்டார்.

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 8:25

ஒரு வாரம் கழித்து வருகிறேன். இன்று வீட்டில் ஹம்மூஸ் செய்தோம்.

கடலை நன்றாக வெந்தது, மதுரையில் ஏழு விசில். எள்ளில்தான் தவறு நடந்தது. தோல் நீக்கிய எள் கிடைக்கவில்லை. "எள்ளுதானே, நல்லெண்ணெயை ஊத்துனா ஆச்சு" என்று அம்மா தாராளமாக நல்லெண்ணெய் விட்டு அரைத்தார். ருசி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அன்றைக்குச் சாப்பிட்ட ருசி இல்லை. எண்ணெய் தோசைப்பொடி வாசனையைக் கொண்டு வந்துவிட்டது. அம்மா வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி யோசித்தார். "இது பாபா கனூஷ் வீட்டு ஆளு இல்ல, நம்ம வீட்டு ஆளு" என்றார். அமீரகத்தமிழன், பேரைச் சரியாகச் சொன்னார், கவனியுங்கள்.

அப்பா அதையும் தோசைக்குத் தொட்டுக்கொண்டு மூன்று தோசை சாப்பிட்டார்.

அடுப்படிஆள் | ஞாயிறு, இரவு 11:40

அம்மா நாக்கு துல்லியமானது அண்ணா. நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள். அதன் வாசனையும் தித்திப்பும் அடியில் நிற்கும், அதுதான் தோசைப்பொடி ஞாபகத்தைக் கொண்டு வந்தது. கருப்பு எள்ளோ தோல் எள்ளோ போட்டாலும் கசக்கும். வெள்ளை எள்ளை உப்புத் தண்ணீரில் நாலு மணி நேரம் ஊற வைத்துக் கைகளுக்கு நடுவில் தேய்த்தால் தோல் ஓரளவு கழன்றுவிடும். வெயிலில் காயவைத்து வறுக்கச் சொல்லுங்கள். மதுரை வெயிலுக்கு ஒரு மத்தியானம் போதும், எங்களுக்கு மூன்று நாள் ஆகும்.

வைகைக்கரை | திங்கள், காலை 7:58

எள் ஊறிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு சேதி. அம்மா தன் தங்கைகள் இரண்டு பேருக்கும் போன் போட்டுவிட்டார். அக்டோபரில் அவர்களையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் போக வேண்டுமாம். பெரிய சித்தி வெளியில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். "அவளை நான் பாத்துக்கறேன், என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியும்" என்கிறார் அம்மா. எந்தக் கிழமை கூட்டம் குறைவாக இருக்கும்?

பூம்பாறையான் | திங்கள், காலை 9:30

புதன் அல்லது வியாழன் வாருங்கள். ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறையை ஒட்டி வர வேண்டாம், வத்தலக்குண்டிலிருந்தே வண்டிகள் நகராது. அக்டோபரில் மழை இருக்கும், சித்திமாருக்கு ஸ்வெட்டரோடு குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்குப் போனால் விறகடுப்புக்குப் பக்கத்து மேஜை கிடைக்கும். முதல் ரொட்டி அப்போதுதான் வெளியே வரும்.